மாலத்தீவின் ஊர்த் தீவுகளில் அவசரமில்லாத விடுமுறை: தங்குவதும் அங்குள்ளோருடன் பழகுவதும் எப்படி?

மாலத்தீவு என்றதும் கடல்நீரின் மேல் வரிசையாக நிற்கும் மரவீடுகளும் அவற்றின் மலைக்க வைக்கும் வாடகையும் நினைவுக்கு வருவது இயல்பே. 1972-இல் அந்நாட்டில் சுற்றுலா தொடங்கிய பின் நெடுங்காலம், வெளிநாட்டுப் பயணிகளை மக்கள் வாழாத தீவுகளிலேயே தங்கவைப்பது அரசின் கொள்கையாக இருந்தமையால், வந்து சென்றவர்களில் பெரும்பாலோர் விடுதி ஊழியரைத் தவிர வேறொரு மாலத்தீவுக்காரரிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே ஊர் திரும்பினர். 2009-க்குப் பிறகு நிலைமை மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை நடத்த வழி பிறந்தது. ஏறத்தாழ 1,200 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் மக்கள் வாழ்பவை 200-க்கும் சற்றுக் குறைவுதான். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், படகுத்துறை, கால்பந்துத் திடல், நான்கைந்து கடைகள், மணல் தெருக்கள் என ஒரு முழு ஊரே ஒரு தீவாக இருக்கும் அத்தகைய இடத்தில் சில நாட்கள் ஓய்வாகத் தங்கி, அங்குள்ளவர்களுடன் பழக விரும்புவோருக்காக இது எழுதப்படுகிறது. கடலடியில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் இதில் இல்லை; அதைச் சொல்ல ஒவ்வொரு விருந்தினர் இல்லத்திலும் ஆளிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஒரு வாரத்தில் நான்கு தீவுகளைப் பார்ப்பது என்று திட்டமிடுபவருக்கு நான்கு படகுத்துறைகள் மட்டுமே நன்கு பழகும். ஒரே தீவில் குறைந்தது ஐந்து இரவுகள் தங்குங்கள். முதல் நாள் உங்களைப் பார்த்துத் தலையசைப்பவர், மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே நேரத்தில் மீண்டும் உங்களைப் பார்க்கும்போதுதான் “எந்த ஊர்?” என்று கேட்பார். சில நூறு பேரோ ஓரிரண்டாயிரம் பேரோ வாழும் ஊரில் புதுமுகம் எவருடைய கண்ணுக்கும் தப்புவதில்லை. பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவர்களுக்குச் சிறிது அவகாசம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

எந்தத் தீவு?

தலைநகர் மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி, விருந்தினர் இல்லங்கள் பெருகிய முதல் ஊர்களில் ஒன்று. விரைவுப் படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். கடற்பயணங்களின் கட்டணமும் போட்டியால் குறைவாக இருக்கும். ஆனால் கடற்கரைத் தெருவில் நடப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற பயணிகளாகவே இருப்பார்கள். பழகுவதே நோக்கம் என்றால் இதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

தொட்டூ வேளாண்மைத் தீவு. தர்ப்பூசணியும் பப்பாளியும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் போகலாம். மாலைநேரத்தில் தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவரிடம் பயிரைப் பற்றிக் கேட்பதைவிட எளிதான பேச்சுத் தொடக்கம் வேறில்லை. வாவு பவளத்தீவுத் தொகுதியிலுள்ள ஃபுலிதூ மிகச் சிறியது. திருக்கை மீன்கள் கரையோரம்வரை வந்து போகும். துலுஸ்தூவில் அலைச்சறுக்கு ஆடும் இளைஞர் கூட்டம் உண்டு. உகுல்ஹாஸ் தூய்மைக்குப் பெயர் பெற்றது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கி நீளும் திகுரா, அருகில் திமிங்கலச் சுறாக்கள் உலவுவதால் அறியப்பட்டது என்றாலும், ஊர் தீவின் ஒரு முனையில் மட்டும் இருப்பதால் எஞ்சிய பகுதி நடப்பதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. நேரமும் பணமும் சற்றுக் கூடுதலாக இருப்பவர்கள் உள்நாட்டு விமானத்தில் தெற்கே அட்டூவுக்குப் போகலாம். 1976 வரை பிரித்தானிய விமானத்தளம் இயங்கிய கான் தீவிலிருந்து ஹிததூவரை சாலையால் இணைக்கப்பட்ட தீவுகள் அங்கு உள்ளன. அவற்றைச் சைக்கிளிலேயே கடந்துவிடலாம்.

தீவை முடிவு செய்த பின் இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உரிமையாளர் அதே தீவில் வாழ்கிறாரா, இல்லத்தை அவருடைய குடும்பம் நடத்துகிறதா, அல்லது மாலேயிலிருக்கும் ஒருவர் மேலாளரை வைத்து நடத்துகிறாரா என்பதை முன்பதிவுக்கு முன்பே செய்தியனுப்பிக் கேளுங்கள். ஊர்க்காரர் நடத்தும் ஆறு அறை இல்லத்தில் உரிமையாளரின் மைத்துனர் படகோட்டுவார், அக்காள் சமைப்பார், பக்கத்து வீட்டுப் பையன் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் துறையிலிருந்து கொண்டுவருவான். ஊருக்குள் அறிமுகமாக இதைவிட வேறு வழி தேவையில்லை.

போய்ச் சேர்தல்

மாலத்தீவு பெரும்பாலான நாட்டவருக்கு வந்திறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசாவைக் கட்டணமின்றி வழங்குகிறது. திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்க வேண்டும். புறப்பாட்டுக்கும் வருகைக்கும் முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமூகா’ என்னும் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் இணையதளங்களிலிருந்து விலகியிருங்கள். மது, பன்றி இறைச்சி, மின்சிகரெட் ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. வழிபாட்டுக்குரிய சிலைகளுக்கும் இத்தடை பொருந்தும் என்பதைச் சிறு விக்கிரகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் வழக்கமுள்ளவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

விமான நிலையம் மாலேக்கு அருகில் தனித்தீவில் உள்ளது. 2018-இல் திறக்கப்பட்ட பாலம் அதை ஒருபுறம் தலைநகருடனும், சாலை மறுபுறமுள்ள ஹுல்ஹுமாலே தீவுடனும் இணைக்கின்றன. இரவில் வந்திறங்கினால் ஹுல்ஹுமாலேயில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை படகேறுவது அலைச்சலைக் குறைக்கும். விரைவுப் படகும் பொதுப் படகும் இரண்டுமே உண்டு. விரைவுப் படகு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மாஃபுஷிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுக்கும் மெதுவான பொதுப் படகில்தான் மாலேயில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டியும், அரிசி மூட்டையோடு வரும் கடைக்காரரும், விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர்களும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது விரைவுப் படகில் சென்றாலும் திரும்பும்போதாவது இதில் வாருங்கள். மே முதல் அக்டோபர்வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். விரைவுப் படகில் பின்வரிசை இருக்கைகளில் குலுக்கல் குறைவு. சனவரி முதல் ஏப்ரல்வரை வானமும் கடலும் அமைதியாக இருக்கும், வாடகை மட்டும் அமைதியாக இராது.

வெள்ளிக்கிழமையில் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம். பொதுப் படகுகள் அன்று பெரும்பாலும் ஓடுவதில்லை. அங்கு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை.

ஊரின் நேரத்துக்கு உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்

பழகுவதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் மொழியன்று, நேரம்தான். பயணிகள் காலை ஒன்பது மணிக்குக் கடற்பயணம் கிளம்பி, வெயிலில் கறுத்து, மாலை ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துவிட்டுப் படுக்கிறார்கள். ஊரோ விடியலிலும் மாலையிலும்தான் வெளியே இருக்கிறது. பயணிகள் வெளியே இருக்கும்போது ஊர் உள்ளே இருக்கிறது, ஊர் வெளியே வரும்போது பயணிகள் உறங்குகிறார்கள். பிறகு “இங்குள்ளவர்கள் யாரும் பேசவே இல்லை” என்ற குறை எழுகிறது.

விடியற்காலைத் தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் பெண்கள் தத்தம் வீட்டு முன்புற மணல் தெருவைப் பெருக்குவதைக் காணலாம். அந்நேரத்தில் நடப்பவருக்கு ஒரு “அஸ்ஸலாமு அலைக்கும்” போதும். பதில் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். காலை உணவுக்கு இல்லத்தில் ரொட்டியும் முட்டையும் வைத்தால், மறுநாள் ‘மஸ் ஹுனி’ வேண்டும் என்று சொல்லிவையுங்கள். சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கையால் பிசைந்து, ‘ரோஷி’ எனப்படும் மெல்லிய ரொட்டியுடன் தருவார்கள். விருந்தினர் இதைக் கேட்டுச் சாப்பிடுகிறார் என்னும் செய்தி சமையலறையிலிருந்து ஊருக்குள் போய்விடும். பகல் உணவில் சோற்றுடன் வரும் ‘கருதியா’ பார்வைக்குத் தெளிந்த ரசம் போலிருக்கும் சூரைமீன் சாறு. மீன் உண்ணாதவர்கள் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காய்கறிக் கறியிலும் மாசிக் கருவாடு விழுந்திருக்க வாய்ப்பு மிகுதி.

நண்பகலில் ஊர் அடங்கிவிடும். நீங்களும் உறங்குங்கள், ஓய்வு விடுமுறை என்பதன் முழுப் பொருளும் அந்த இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும்.

மாலை நான்கு மணியளவில் தேநீர் நேரம். ‘சாய்ஹொட்டா’ எனப்படும் தேநீர்க் கடைக்குள் சென்று உட்கார்ந்தால், நீங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே சிறு சிறு தட்டுகள் மேசை முழுவதும் வந்து நிறைவது பழைய பாணிக் கடைகளில் இன்றும் உண்டு. மீனும் வெங்காயமும் பொதிந்து முக்கோணமாக மடித்துப் பொரித்த பஜியா, தேங்காயும் மீனும் வைத்து உருட்டிய குல்ஹா, சதுரமாக வெட்டிய காரமான மீன் அப்பம் ஆகியவை அவற்றில் இருக்கும். எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும் என்பதில்லை. எழுந்திருக்கும்போது எத்தனை குறைந்திருக்கின்றன என்று எண்ணி, அதற்கு மட்டும் காசு வாங்குவார்கள். சில தீவுகளில் தேநீர்க் கடை ஆண்களின் இடமாகவே இருந்துவருகிறது. பெண் பயணி உள்ளே வந்தால் எவரும் தடுக்கமாட்டார்கள், ஆயினும் இல்லத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்வது இருபுறமும் கூச்சத்தைத் தவிர்க்கும்.

தேநீருக்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் போங்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய ‘ஜோலி’ என்னும் இருக்கைகள் நான்கு, ஐந்து என வரிசையாகக் கடலை நோக்கி இருக்கும். வலை தளர்ந்து தரையை ஒட்டித் தொங்குவதால், உட்கார்ந்தவர் பாதி படுத்த நிலைக்குப் போய்விடுவார். சட்டென எழுந்து செல்ல முடியாது. பேச்சு வளர இந்த அமைப்பே பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காலியான ஜோலியில் உட்காரலாமா என்று கையசைத்துக் கேளுங்கள், பிறகு பேசாமல் கடலைப் பாருங்கள். முதலில் பேச வேண்டியவர் நீங்களல்லர். பக்கத்திலிருப்பவர் தன் வேகத்தில் தொடங்குவார், அல்லது தொடங்கமாட்டார், இரண்டும் சரியே.

அதே நேரத்தில் திடலில் பெண்கள் ‘பஷி’ ஆடிக்கொண்டிருப்பார்கள். டென்னிஸ் மட்டையுடன் ஒருத்தி வலைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி அடிப்பாள். எதிரணியினர் அதை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். பந்து போகும் திசையை அடித்தவளே பார்க்க முடியாத இந்த ஆட்டத்தைச் சுற்றி நின்று பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, தவறவிட்ட பந்தை எடுத்துக் கொடுப்பவர் விரைவிலேயே ஊருக்கு வேண்டியவராகிவிடுவார். பெண் பயணிகளை ஆடவும் அழைப்பார்கள். ஆண்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, கால்பந்துத் திடலுக்குப் போவது முறை. கைப்பேசியைத் தூக்கிப் படமெடுப்பது மட்டும் கேட்ட பிறகே. குழந்தைகளாக இருந்தால் அவர்களுடைய தாயிடமோ தந்தையிடமோ கேட்ட பிறகு.

பிற்பகலில் மீன்பிடி தோணிகள் கரை திரும்பும்போது துறையில் சூரைகளை அறுப்பதைப் பார்க்கலாம். மாலத்தீவின் சூரை மீன்பிடிப்பு வலையால் அல்லாமல் தூண்டிற்கோலால் நடப்பது. உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் எறிந்து, தோணியின் பின்புறத்திலிருந்து நீரைத் தூற்றி, மேற்பரப்பில் சிறுமீன் கூட்டம் துள்ளுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குவார்கள். மயங்கி மேலே வரும் சூரைகளை வரிசையாக நிற்கும் மீனவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைக்கு மேலாகத் தோணிக்குள் வீசுவார்கள். முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால் மீன் தானாகவே கழன்று விழும். உடன்வர விரும்பினால் இல்லத்துக்காரர் மூலம் தலைமை மீனவரிடம் கேட்கலாம். மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. அது அவர்களுக்குத் தொழில், இடமும் குறைவு.

வெள்ளிக்கிழமை முற்பகலில் கடைகள் மூடிவிடும், நண்பகல் தொழுகை முடியும்வரை தெருவில் எவரும் இருக்கமாட்டார்கள். வியாழன் இரவே குடிநீரும் தின்பண்டமும் வாங்கி வைத்துவிடுங்கள். ஆனால் அன்று பிற்பகலில் குடும்பங்கள் பாய், பாத்திரங்களுடன் கடற்கரைக்கு வருவார்கள். வாரத்திலேயே ஊர் மிகவும் நிதானமாக இருக்கும் நேரம் அதுதான். அன்றைய நாளில் வெளியூர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாமலிருப்பது நல்லது. மற்ற நாட்களிலும் தொழுகை நேரங்களில் கடைகள் சிறிது நேரம் மூடப்படும். காத்திருங்கள், திறப்பார்கள். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடங்களில் உண்பதையும் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும்; ஆனால் நோன்பு துறக்கும் நேரத்துக்குப் பின் ஊர் நள்ளிரவுவரை விழித்திருக்கும்.

எதைப் பேசுவது?

பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வி இருப்பதால் இளைஞர்களுடன் ஆங்கிலத்தில் பேசிவிடலாம். முதியவர்களிடம் திவேகி மொழியின் நான்கைந்து சொற்கள் வேலை செய்யும்: நலமா என்பதற்குக் ‘கிஹினே’, நன்று என்பதற்கு ‘ரங்கள்ஹு’, நன்றிக்கு ‘ஷுக்குரிய்யா’. மூத்த ஆணைப் ‘பேபே’ என்றும் மூத்த பெண்ணைத் ‘தத்தா’ என்றும் அழைப்பதில் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்திருக்கும். அண்ணன், அக்காள் என்று முன்பின் தெரியாதவரையும் அழைத்துப் பழகிய நமக்கு இது நாவில் எளிதாக ஏறும். ஆண்கள் ஆண்களுடன் கைகுலுக்கலாம். பெண்கள் தாமாகக் கை நீட்டினாலன்றி நெஞ்சில் கைவைத்துத் தலையசைப்பதே போதுமானது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று சொன்னால் பேச்சுக்கு இரண்டு கதவுகள் உடனே திறக்கும். ஒன்று மருத்துவம். திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்காக வந்து சில வாரங்கள் தங்கிய உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. எந்தத் தெருவில் தங்கினார்கள், எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் நினைவில் இருக்கும். மற்றொன்று தூத்துக்குடி. அத்துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குத் தோணிகள் செல்வது நெடுங்கால வழக்கம் என்பதால், கடல்தொழிலில் இருந்த முதியவர்கள் அப்பெயரைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்காருவார்கள்.

கால்பந்து இன்னும் பாதுகாப்பானது. தெற்காசியக் கால்பந்து வாகையர் பட்டத்தை மாலத்தீவு 2008-லும் 2018-லும் வென்றது. இரண்டு இறுதியாட்டங்களிலும் தோற்ற அணி இந்தியா. இதை நீங்களே முதலில் சொல்லி ஒப்புக்கொண்டால் அன்றைய மாலை முழுவதும் சிரிப்பில் போகும். அரசியல் அப்படியன்று. தேநீர்க் கடைகளில் காரசாரமாக அரசியல் பேசுவார்கள், அதில் இந்தியாவும் அடிக்கடி வரும். 2024 தொடக்கத்தில் இரு நாடுகளுக்கிடையே எழுந்த உரசலைக் குறித்து உங்கள் கருத்தைக் கேட்கவும் கூடும். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மதத்தைப் பற்றிய விவாதத்தை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். அங்குச் சட்டமே அதை நுணுக்கமாகக் கையாள்கிறது.

அங்கு வாழ்பவர்கள் என்றால் திவேகி பேசுபவர்கள் மட்டுமல்லர். இந்தியாவிலிருந்து சென்ற ஆசிரியர்களும் செவிலியர்களும், வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் பல தீவுகளில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். இரவுத் தொழுகைக்குப் பின் கடை வாசலில் தமிழோ மலையாளமோ காதில் விழுந்தால் வியக்க வேண்டாம். ஊரின் உள்ளும் புறமும் அறிந்த அவர்கள் சொல்வதற்கு வேறொரு கோணம் இருக்கும்.

வீட்டுக்கு அழைத்தால் காலணியை வாசலில் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். காய்கனிகளில் பெரும்பகுதி கப்பலிலோ விமானத்திலோ வருவதால், மாலே சந்தையில் வாங்கிய நல்ல பழங்களே சிறந்த அன்பளிப்பு. உணவுக்குப் பின் இழை போலச் சீவிய பாக்கு, கிராம்பு, சுண்ணாம்புடன் வெற்றிலைத் தட்டு வரும். மறுக்காமல் ஒரு துண்டு பாக்காவது எடுத்துக்கொள்வது நமக்கும் தெரிந்த நாகரிகம்தான்.

உடையும் பணமும்

ஊருக்குள் ஆண், பெண் இருவரும் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். நீச்சலுடை, ஒதுக்கப்பட்ட ‘பிகினி கடற்கரை’யில் மட்டும், அங்கிருந்து அறைக்குத் திரும்பும்போது மேலே ஒரு துணி அவசியம். முழு உடையுடன் நீந்துவதில் சங்கடமில்லாதவர்களுக்கு ஊர்மக்கள் குளிக்கும் கடற்கரையே மேல், ஏனெனில் மற்றதில் ஊர்க்காரர் எவரும் வருவதில்லை. ஊர்த் தீவுகளில் மது கிடையாது.

சொல்லப்படும் அறை வாடகைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், 2025 சூலை முதல் 17 விழுக்காடு சுற்றுலா வரியும் சேரும். இவை தவிர, 50 அல்லது அதற்குக் குறைவான அறைகளுள்ள விருந்தினர் இல்லங்களில் பசுமை வரியாக ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர். முன்பதிவில் காட்டிய தொகையில் இவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லங்கள் டாலரையும் அட்டையையும் ஏற்கும்; தேநீர்க் கடைக்கும் பொதுப் படகுக்கும் ருஃபியாவே வசதி. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 15.4 ருஃபியா என்பது அதிகாரப்பூர்வ மதிப்பு. அந்நாட்டுக்கு வெளியே ருஃபியாவை மாற்றுவது கடினம் என்பதால் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். மீந்ததைக் கடைசி மாலை தேநீர்க் கடையில் செலவழித்துவிடலாம். பவளத் துண்டுகளையும் ஆமை ஓட்டையும் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லத் தடை உள்ளது, குழந்தைகள் கரையில் பொறுக்கிச் சேர்த்தவை பெட்டிக்குள் போய்விட்டனவா என்பதைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.